வெர்லாவின் அட்டை ஆலை

பொருட்காட்சிசாலை என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுபவை யாவை? மன்னர் ஏந்திய வாள், மண்ணில் புதையுண்டு கிடந்த காசு, செப்பேடு, செப்புத் திருமேனி ஆகியவையே அல்லவா? மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியரும் அவற்றின் முன்னர்தான் நெடுநேரம் நின்று விளக்கம் கூறுவார். ஆனால், புத்தகம் கட்டவும் பெட்டி செய்யவும் பயன்படும் சாதாரண மர அட்டையை உற்பத்தி செய்து வந்த ஓர் ஆலையை, அரைகல், அழுத்துப்பொறி, தராசு, தரைப்பலகை முதலிய யாவற்றோடும் அப்படியே காத்து வைத்திருக்கும் நாடு ஒன்று உண்டு. அந்நாடு பின்லாந்து. ஆலை இருக்கும் சிற்றூரின் பெயர் வெர்லா.

இவ்வாலை தன் காலத்தில் பெரிய ஆலை அன்று. உலகுக்குப் புதிய இயந்திரம் எதனையும் அளித்த ஆலையும் அன்று. அங்கே பெரும்போர் எதுவும் நிகழவில்லை. பேரறிஞர் எவரும் பிறக்கவில்லை. எனினும் 1996 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இதனை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் சேர்த்தது. பின்லாந்து நாட்டில் அப்பெருமை பெற்ற நான்காவது இடம் இது. கடற்கோட்டை ஒன்றும், பழைய மர வீடுகள் நிறைந்த நகரம் ஒன்றும், மரத்தாலான தேவாலயம் ஒன்றும் அதற்கு முன்னர் அவ்வரிசையில் இடம் பெற்றிருந்தன. கோட்டைக்கும் கோயிலுக்கும் அடுத்தபடியாக ஓர் அட்டை ஆலைக்கு இவ்வளவு மதிப்பு வந்தது எவ்வாறு? இந்த வினாவை உடன் வைத்துக்கொண்டே வெர்லாவின் கதையைப் பார்ப்போம்.

பின்லாந்து காடும் நீரும் மிகுந்த நாடு. அதன் நிலப்பரப்பில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு காடு. ஏரிகளோ எண்ணில் அடங்கா. ஓர் ஏரியின் நீர் மற்றோர் ஏரிக்கு இறங்கி ஓடும் இடங்களில் பாறைகளின் ஊடே நுரைத்துப் பாயும் நீரோட்டங்கள் உண்டாகின்றன. தலைநகரான ஹெல்சிங்கிக்கு வடகிழக்கே கோவொலா என்னும் நகரம் உள்ளது. அந்நகரிலிருந்து வடக்கே சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில், அத்தகைய ஒரு விரைநீரோட்டத்தின் கரையில் அமைந்தது வெர்லா. சுற்றிலும் ஊசியிலைக் காடு. நடுவே இடையறாது ஓடும் நீர். மின்சாரம் பரவாத காலத்தில் ஆலை வைக்க விரும்பிய ஒருவருக்கு இவ்விரண்டையும் விட வேறு என்ன வேண்டும்?

மரத்திலிருந்து காகிதமும் அட்டையும் செய்யலாம் என்ற எண்ணமே, இவ்வுலகத்தின் நீண்ட வரலாற்றில், அண்மையில் தோன்றியதாகும். ஐரோப்பியர் பல நூற்றாண்டுகளாகக் கந்தல் துணியை ஊறவைத்து இடித்தே காகிதம் செய்தனர். அச்சுக்கூடங்கள் பெருகப் பெருகக் கந்தலுக்குப் பஞ்சம் ஏற்பட்டது. 1719 ஆம் ஆண்டில் ரெயோமூர் என்ற பிரெஞ்சு அறிஞர், ஒருவகைக் குளவிகள் மரத்தைச் சுரண்டி மென்று காகிதம் போன்ற கூட்டைக் கட்டுவதைக் கண்டு, மனிதனும் அவ்வாறு செய்யலாமே என்று எழுதினார். குளவி காட்டிய வழியைப் பின்பற்ற மனிதனுக்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் தேவைப்பட்டது. 1840களில் ஜெர்மனியின் சாக்ஸனி நாட்டு நெசவாளர் பிரீட்ரிக் கெல்லர், ஈரமான மரத்தைச் சுழலும் கல்லின் மேல் அழுத்தித் தேய்த்தால் நார்நாராகப் பிரிந்து கூழாகும் என்பதைக் கண்டறிந்தார். கையில் பொருளில்லாத காரணத்தால் அவர் தம் உரிமையை 1846 இல் ஹைன்ரிக் வோல்ட்டர் என்பவருக்கு விற்றுவிட்டார். வோல்ட்டர் அம்முறையைத் திருத்தி உலகெங்கும் பரப்பினார். கெல்லரோ வறுமையில் வாழ்ந்து 1895 இல் மறைந்தார். கண்டுபிடித்தவர் ஒருவர், பயன் கண்டவர் வேறொருவர் என்பது தொழில் வரலாற்றில் நாம் அடிக்கடி காணும் காட்சியே.

இம்முறை பின்லாந்தை அடைந்தபோது அந்நாடு ருஷ்யப் பேரரசனின் ஆட்சிக்கு உட்பட்ட ஒரு சிற்றரசாக இருந்தது. 1809 முதல் 1917 வரை அந்நிலை நீடித்தது. 1865 இல் பிரெடரிக் இடெஸ்டாம் என்னும் பொறியாளர் தம்பெரே நகரத்து நீரோட்டத்தின் கரையில் மரக்கூழ் ஆலை ஒன்றைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் மற்றோர் ஆலையையும் நோக்கியா என்ற ஊரின் அருகே அவர் அமைத்தார். நூறாண்டுகளுக்குப் பின்னர்த் தொலைபேசிக் கருவிகளால் உலகெங்கும் பெயர் பரவிய நோக்கியா நிறுவனத்தின் மூலவேர் இந்த மரக்கூழ் ஆலைதான் என்பது மாணவர் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம்.

அக்காலப் பின்லாந்து செல்வம் கொழித்த நாடு என்று எவரும் எண்ணிவிட வேண்டா. 1866 முதல் 1868 வரை அந்நாட்டைக் கொடிய பஞ்சம் வாட்டியது. பட்டினியாலும் அதனைத் தொடர்ந்த நோயாலும் இறந்தவர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர். நிலமற்ற கூலி மக்கள் பைன் மரப்பட்டையை மாவோடு கலந்து ரொட்டி சுட்டு உண்ட காலம் அது. அந்தப் பஞ்சம் நீங்கிய சில ஆண்டுகளுக்குள் ஆற்றங்கரைகளில் ஆலைகள் எழத் தொடங்கின. 1870 இல் ஹெல்சிங்கிப் பக்கத்திலிருந்து ருஷ்யத் தலைநகரான செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்கு இருப்புப்பாதை திறக்கப்பட்டது. அப்பாதை கோவொலா வழியாகவே சென்றது. காடும் நீரும் முன்னரே இருந்தன. கூலிக்குக் காத்திருந்த மக்களும் இருந்தனர். இப்பொழுது சரக்கை விற்கச் சந்தையும் சந்தைக்குச் செல்ல வழியும் கிடைத்துவிட்டன. 1872 ஆம் ஆண்டில் அவ்வட்டாரத்தில் மட்டும் ஒன்றுக்கு மேற்பட்ட ஆலைகள் தோன்றியதன் காரணம் இதுவே.

அவற்றுள் ஒன்றுதான் வெர்லா. ஹூகோ நோய்மன் என்ற பொறியாளர் 1872 இல் அங்கே சிறிய மரக்கூழ் ஆலை ஒன்றை நிறுவினார். ஆனால் நான்கே ஆண்டுகளில், 1876 இல், அது தீக்கிரையாயிற்று. நோய்மன் அதனை மீண்டும் கட்டவில்லை. ஆறு ஆண்டுகள் அந்த இடம் வெறுமையாகக் கிடந்தது. 1882 இல் ஆஸ்திரியரான காட்லீப் கிரைடல் என்பவர், லூயி ஹேனல் என்பவரோடு கூட்டுச் சேர்ந்து, மரக்கூழோடு அட்டையும் செய்யத்தக்க பெரிய ஆலையாக அதனை எழுப்பினார். பின்னர், வீப்புரி நகரத்து வில்ஹெல்ம் டிப்பெல் அத்தொழிலில் பங்காளியானார். இவ்வாறு ஆஸ்திரியரும் ஜெர்மானிய மரபினரும் முதல் போட, பின்லாந்து மக்கள் உழைக்க, ருஷ்யரும் பிற ஐரோப்பியரும் சரக்கை வாங்க, காட்டின் நடுவே ஒரு சிற்றூர் வளர்ந்தது.

நெருப்பு மீண்டும் வந்தது. 1892 இல் மரத்தால் ஆகிய உலர்த்தும் கூடம் எரிந்துபோயிற்று. உலர்ந்த அட்டையும் மரச்சுவரும் விறகடுப்பும் ஒரே கூரையின் கீழ் இருந்தால் வேறு என்ன நேரும்? இம்முறை உரிமையாளர் பாடம் கற்றுக்கொண்டனர். பங்காளியின் உடன்பிறந்தவரான எட்வர்ட் டிப்பெல் கட்டடக் கலைஞர். அவர் செங்கல்லால் புதிய கட்டடங்களை வகுத்துக் கொடுத்தார். இன்று நீர்க்கரையில் நின்று நோக்குவோருக்கு அவை ஆலையாகத் தோன்றுவதில்லை. கூர்நுனி வளைவுகளும், படிப்படியாக உயரும் முகப்புகளும், செங்கல் வரிசைகளால் ஆன அணிவேலைப்பாடுகளும் கொண்ட அவற்றைப் பழங்காலத் தேவாலயம் என்றே முதலில் எண்ணத் தோன்றும். அட்டை உலர்த்துவதற்கு இத்தகைய ஒப்பனை தேவைதானா என்று கேட்கலாம். அக்காலத்து ஆலை உரிமையாளர், தம் செல்வம் நிலையானது, நாணயமானது என்பதை ஊரார்க்கும் வாடிக்கையாளர்க்கும் காட்டக் கட்டடத்தையே மொழியாகக் கொண்டனர். உரிமையாளரின் மாளிகை மரத்தால் ஆனது. அதுவும் ஆலைக்கு எதிரே, வேலையாட்கள் வருவதும் போவதும் கண்ணில் படும் இடத்தில் அமைந்துள்ளது. தொழிலாளரின் சிறிய மரவீடுகள் சற்றுத் தள்ளி உள்ளன. யார் எங்கே வாழ்ந்தனர் என்பதை அவ்வூரின் அமைப்பே சொல்லிவிடும்.

இனி ஆலைக்குள் நுழைந்து, ஒரு மரம் அட்டையாகும் வழியைத் தொடர்ந்து செல்வோம்.

காட்டில் வெட்டப்பட்ட ஸ்புரூஸ் மரங்கள் பனி உருகும் காலத்தில் நீரில் மிதந்து வந்து சேரும். அவற்றைக் கரையேற்றிக் குறுந்துண்டுகளாக அறுத்துப் பட்டையை நீக்குவர். பட்டை சிறிது ஒட்டியிருந்தாலும் அட்டையில் கரும்புள்ளியாகத் தெரியும். ஆதலின் இது கவனமாகச் செய்ய வேண்டிய வேலை. பின்னர்த் துண்டுகள் அரைக்கும் பொறியை அடையும். ஆற்று நீர் டர்பைனைச் சுழற்ற, டர்பைன் பெரிய மணற்கல் ஒன்றைச் சுழற்றும். அக்கல்லைச் சுற்றி உள்ள அறைகளில் மரத்துண்டுகளை இட்டுக் கல்லின்மேல் அழுத்துவர். இடைவிடாமல் நீரும் பாய்ச்சப்படும். அரைக்கச் செலவாகும் ஆற்றலில் பெரும்பகுதி வெப்பமாகவே மாறுவதால், நீர் இல்லையேல் மரம் கருகிவிடும். அந்நீரோடு கலந்து வெள்ளைக் கூழ் கீழே வழியும். நம் வீட்டு ஆட்டுக்கல்லில் மாவு வழிவதை நினைத்துக்கொண்டால் இக்காட்சி எளிதில் விளங்கும். ஆனால் இங்கே ஆட்டுபவள் ஓர் ஆறு.

கூழிலுள்ள சிம்புகளைச் சல்லடைகள் பிரித்து நீக்கும். தெளிந்த கூழ் தொட்டியொன்றில் விழும். கம்பிவலை போர்த்த உருளையொன்று அத்தொட்டியில் பாதி அமிழ்ந்து சுழலும். நீர் வலைக்குள் வடிந்துவிட, நார் மட்டும் மெல்லிய படலமாக வலையின் மேல் ஒட்டும். அந்தப் படலத்தைக் கம்பளிப் பட்டை ஒன்று ஏந்திச் சென்று மற்றோர் உருளையில் சுற்றும். சுற்றின் மேல் சுற்றாகத் தடிப்பு ஏறும். வேண்டிய கனம் வந்ததும் தொழிலாளி அதனைக் குறுக்கே பிளந்து, ஈரத் தாளாக எடுத்து அடுக்குவார். பார்ப்பதற்கு எளிய செயல். ஆயினும் கனம் சரியாக வந்ததா இல்லையா என்பதை அறிவதில்தான் அவர் கைத்திறம் இருந்தது. அடுக்கு, அழுத்துப்பொறிக்குச் சென்று நீர் பிழியப்பெறும்.

அடுத்தது உலர்த்துதல். வெர்லாவின் உயிர்நிலை இதுவே. புதிய ஆலைகளில் நீராவியால் சூடேறிய உருளைகள் சில நிமிடங்களில் ஈரத்தைப் போக்கிவிடும். வெர்லாவிலோ உலர்த்தும் கட்டடத்தின் மேல்மாடங்களில் ஒவ்வோர் அட்டையையும் கையால் எடுத்து விரித்துக் காயவைத்தனர். கீழே விறகு எரியும். வெப்பக் காற்று தளம் தளமாக மேலெழும். அந்த வெப்பத்தில் நின்று அட்டைகளை இடுவதும், காய்ந்தபின் எடுப்பதும் பெரும்பாலும் பெண்கள் செய்த வேலை. வெளியே பனி உறைந்து கிடக்கும் குளிர்காலம். உள்ளே வியர்வை வழியும் கோடை. ஒரே நாளில் பலமுறை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அவர்கள் சென்று வந்தனர்.

காய்ந்த அட்டை இரும்பு உருளைகளுக்கு இடையே சென்று வழவழப்பாகும். பிறகு தரம் பிரித்து, ஓரம் வெட்டி, நிறுத்து, கட்டாகக் கட்டி, ஆலையின் முத்திரையைப் பொறித்து அனுப்புவர். முற்காலத்தில் குதிரை வண்டிகள்தாம் இச்சுமையை இருப்புப்பாதை நோக்கி இழுத்துச் சென்றன.

அட்டையை நிறுக்கும் அந்த இடத்தில், மாணவர்களே, நாம் சிறிது நேரம் நிற்க வேண்டும். தராசின் அருகே தரைப்பலகை குழிந்திருக்கிறது. கருவி எதுவும் அதனைக் குடையவில்லை. ஆலையில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் பணிபுரிந்த ஒரு பெண்மணி, ஒவ்வொரு நாளும் அவ்விடத்திலேயே நின்று, அடுக்கின் பக்கம் ஒரு முறையும் தராசின் பக்கம் ஒரு முறையுமாகத் திரும்பித் திரும்பிக் காலால் தேய்த்த குழி அது. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பது நம் பழமொழி. இங்கே மனிதக் காலடிகள் மரத்தைத் தேய்த்திருக்கின்றன. உரிமையாளரின் உருவப்படம் உண்டு. கட்டடக் கலைஞரின் பெயர் நூல்களில் உண்டு. அந்தப் பெண்மணியின் வாழ்நாள் உழைப்புக்குச் சான்றாக இருப்பது இந்தப் பலகை. ஆலையைப் புதுப்பிக்க வந்த எவரேனும், பழைய பலகை கெட்டுவிட்டது என்று அதைப் பெயர்த்தெறிந்து புதுப்பலகை பதித்திருந்தால், அந்தச் சான்றும் அன்றே அழிந்திருக்கும்.

இத்தகைய பெண்களைப் பற்றி நினைக்கும்போது வேறொன்றையும் நினைக்க வேண்டும். 1906 ஆம் ஆண்டில் பின்லாந்துப் பெண்கள் வாக்குரிமை பெற்றனர். ஐரோப்பாவிலேயே முதன்முதலில் அவ்வுரிமை பெற்றவர் அவர்களே. தேர்தலில் நிற்கும் உரிமையும் உடன் கிடைத்தது. மறு ஆண்டு நடந்த தேர்தலில் 19 பெண்கள் நாடாளுமன்ற உறுப்பினர் ஆயினர். எட்டு மணி நேர வேலைநாள் 1917 இல் சட்டமாயிற்று. வெப்பக் கூடத்தில் அட்டை உலர்த்திய கூலிப் பெண்ணும் ஆலை முதலாளியும் வாக்குச் சாவடியில் சமமாக நின்ற நாள் வந்தது. ஆனால் தராசுக்கும் அடுக்குக்கும் இடையே உள்ள தொலைவு அதனால் குறைந்துவிடவில்லை. காலையில் அவள் மீண்டும் அதே பலகையின் மேல்தான் போய் நின்றாள்.

1917 இறுதியில் பின்லாந்து விடுதலை பெற்றது. மறு ஆண்டே உள்நாட்டுப் போர் மூண்டது. உழைக்கும் மக்கள் ஒரு பக்கமும் உடைமையாளர் மறுபக்கமுமாகப் பெரும்பாலும் பிரிந்து பொருதனர். ஆலைகள் நிறைந்த தென்கிழக்குப் பகுதி அப்போரின் புண்களை நெடுங்காலம் சுமந்தது. ருஷ்யப் புரட்சியின் விளைவாக ருஷ்யச் சந்தையும் அடைபட்டது. சிறிய ஆலைகள் தனித்து நிற்பது அரிதாயிற்று. வெர்லாவை 1920 இல் கிசகோஸ்கி என்ற நிறுவனம் வாங்கிற்று. 1922 இல் அது கியூமி நிறுவனத்தின் கைக்கு மாறியது. கியூமி, அருகிலிருந்த மூன்று பெரிய காகித ஆலைகள் 1904 இல் ஒன்றுசேர்ந்ததால் உருவான பேரமைப்பு. அதன் மாபெரும் இயந்திரங்களோடு ஒப்பிட்டால் வெர்லா, யானைக் கூட்டத்தின் பின்னே நடந்த முயலே ஆகும்.

பொதுவாக இத்தகைய நிலையில் பழைய ஆலைக்கு இரண்டு வழிகளே உண்டு. ஒன்று, பழைய இயந்திரங்களைப் பெயர்த்துவிட்டுப் புதியன அமைப்பது. மற்றொன்று, ஆலையை மூடிவிட்டு இரும்பைப் பழைய விலைக்கு விற்பது. வடநாடுகளிலும் வட அமெரிக்காவிலும் 19 ஆம் நூற்றாண்டில் ஆற்றங்கரைதோறும் இருந்த சிறு மரக்கூழ் ஆலைகள் ஏறத்தாழ அனைத்தும் இவ்விரு வழிகளில் மறைந்தொழிந்தன. வெர்லாவில் இரண்டும் நடக்கவில்லை. புதிய முதல் போட்டு அதைப் பெருக்குவதில் பயனில்லை என்று கருதப்பட்டது. ஆனால் கையால் உலர்த்திய அதன் அட்டைக்கு வாங்குவோரும் இருந்தனர். ஆகவே அங்கே வேலை செய்தவர் முதுமை எய்தி ஓய்வு பெறும் வரை ஆலை ஓடட்டும் என்று விட்டுவைத்தனர். டர்பைனும் அரைகல்லும் உருளையும் தாத்தா காலத்து முறையிலேயே இயங்கிக்கொண்டிருந்தன. இரண்டு உலகப் போர்கள் கடந்து சென்றன. பிற இடங்களில் காகித இயந்திரங்கள் ஒரு நிமிடத்தில் நூற்றுக்கணக்கான மீட்டர் காகிதத்தை உருட்டித் தள்ளிய காலத்திலும் வெர்லாவில் ஒவ்வோர் அட்டையாகக் கையால் காயவைத்தனர். 1964 ஜூலை 18 அன்று அரைகல் நின்றது.

வெர்லா காக்கப்பட்டதன் மறைபொருள் இதுதான் என்பது என் கருத்து. பிற ஆலைகளோடு போட்டியிட்டு முன்னேறியிருந்தால் அது பிழைத்திராது. ஒவ்வொரு முன்னேற்றமும் முந்தைய பொறியைக் குப்பைமேட்டுக்கு அனுப்பியிருக்கும். பின்தங்கிய காரணத்தாலேயே அது முழுமையாக நமக்குக் கிடைத்தது. வரலாற்று மாணவர் இதனை மனத்தில் கொள்ளுதல் நலம். நமக்குக் கிடைக்கும் சான்றுகள் அக்காலத்துத் தலைசிறந்த பொருள்களாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. பல சமயங்களில் மறக்கப்பட்டவையும் ஒதுக்கப்பட்டவையுமே எஞ்சுகின்றன.

ஆலை நின்ற காலமும் நற்காலமாக அமைந்தது. தொழிற்புரட்சியின் சின்னங்களைப் போற்ற வேண்டும் என்னும் எண்ணம் அப்பொழுதுதான் ஐரோப்பாவில் அரும்பிக்கொண்டிருந்தது. லண்டனில் யூஸ்டன் புகைவண்டி நிலையத்தின் பழைய வாயில் வளைவு, பலர் மன்றாடியும் கேளாமல், 1961 இல் தொடங்கி இடித்துத் தள்ளப்பட்டது. அந்த இழப்பு பலர் கண்களைத் திறந்தது. 1779 இல் கட்டப்பட்ட இரும்புப் பாலத்தைச் சூழ்ந்த பழைய உலைகளைக் காக்க 1967 இல் இங்கிலாந்தில் ஓர் அறக்கட்டளை தோன்றியது. பின்லாந்தில் வெர்லாவுக்கு உரிமையுடைய கியூமி நிறுவனமும் இவ்வழியையே பின்பற்றிற்று. நின்றுபோன ஆலையை அது கலைக்காமல் வைத்திருந்து, 1972 இல் காட்சிசாலையாகத் திறந்தது. முதல் ஆலை தோன்றிச் சரியாக நூறு ஆண்டுகள் அப்பொழுது நிறைந்திருந்தன. பின்லாந்தில் இவ்வகையில் அமைந்த முதல் காட்சிசாலை இதுவே என்பர்.

காட்சிசாலை என்றாலும் கண்ணாடிப் பேழைகள் அங்கே மிகுதியாக இல்லை. ஆலை எவ்வாறு நின்றதோ அவ்வாறே இருக்கிறது. வழிகாட்டி ஒருவர் அழைத்துச் செல்ல, மரம் சென்ற வழியே பார்வையாளரும் செல்கின்றனர். அரைக்கும் அறையில் தொடங்கி அடுக்கிக் கட்டும் அறையில் முடிக்கின்றனர். தொழிலாளர் வாழ்ந்த சிறுவீடுகள் சிலவற்றில் இப்பொழுது விடுமுறைக்கு வருவோர் தங்குகின்றனர். ஒரு காலத்தில் ஒரு குடும்பமே நெருங்கி வாழ்ந்த அறையில் இன்று நகரத்தார் ஓய்வு தேடி வந்து அமர்கின்றனர்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் கூற வேண்டும். ஆலையை நடத்திய நிறுவனமே அதன் நினைவையும் காத்து வருகிறது. அதற்காக நாம் நன்றி பாராட்டலாம். அது காக்காதிருந்தால் இன்று காண ஒன்றும் இருந்திராது. ஆயினும் நிறுத்திவைத்த ஆலையில் ஓசை இல்லை. கல் மரத்தை அரைக்கும் பேரிரைச்சல், ஈரக் கம்பளியின் நாற்றம், உலர்த்தும் மாடத்தின் வெப்பம், கூலி போதவில்லை என்ற முணுமுணுப்பு ஆகிய இவற்றைக் கழுவித் துடைத்துவிட்டால், எஞ்சுவது அழகிய செங்கல் கட்டடமும் அமைதியான நீர்க்கரையும்தான். காண வருபவர், ஆ, எவ்வளவு இனிய இடம் என்று வியந்து திரும்பிவிடக்கூடும். அவ்வாறு திரும்ப விடாமல் அவரைத் தடுத்து நிறுத்துவது, நான் முன்பு கூறிய தேய்ந்த பலகை ஒன்றே. அதனால்தான் அக்காட்சிசாலையின் பொருள்கள் அனைத்திலும் அதனையே தலையாயதாக மதிக்கிறேன்.

ஆலை செய்த அட்டையின் இயல்பைப் பற்றியும் இரண்டு சொல் கூறலாம். அரைத்த மரக்கூழில் லிக்னின் என்னும் பொருள் நீங்காமல் தங்கிவிடுகிறது. மரத்தின் நார்களை ஒன்றோடொன்று பிணைப்பது அதுவே. வெளிச்சமும் காற்றும் படப்பட அது பழுப்பேறும். பழைய நாளிதழ் மஞ்சளாகி நொறுங்குவதைக் கண்டிருப்பீர்கள். அரைத்த மரக்கூழ் அதில் மிகுதியாகச் சேர்ந்திருப்பதே முதற்காரணம். ஆகவே வெர்லா பல்லாண்டுகள் உழைத்துச் செய்து அனுப்பிய சரக்கில் மிகப்பெரும் பகுதி இன்று உலகில் இல்லை. பெட்டியாகிக் கிழிந்தும் எரிந்தும் போயிற்று. செய்த பொருள் அழிய, செய்த இடம் நின்றது.

காட்சிசாலை திறந்த இரண்டு ஆண்டுகளில் வியப்பான செய்தி ஒன்று வெளியாயிற்று. ஆலைக்கு எதிர்க்கரையில் நீரிலிருந்து செங்குத்தாக எழும் பாறையின் மேல் செந்நிறத்தில் தீட்டிய ஓவியங்கள் இருப்பது 1974 இல் அறியப்பட்டது. எல்க் என்னும் பெரிய மான்களும் மனித உருவங்களும் அவற்றுள் உள்ளன. அவை ஆறாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என ஆய்வாளர் கருதுகின்றனர். ஆலை ஓடிய காலம் முழுவதும் அவை எதிரிலேயே இருந்தன. அறிஞர் கண்ணில் பட்டது, ஆலையின் ஓசை அடங்கிப் பத்தாண்டுகள் ஆன பின்னரே.

கியூமி நிறுவனம் 1996 இல் வேறொரு பெருநிறுவனத்தோடு இணைந்து யு.பி.எம். கியூமனே என்ற பெயர் பெற்றது. வெர்லா உலகச் சின்னமானதும் அதே ஆண்டில்தான். பத்தாண்டு சென்றபின், 2006 இல், வெர்லாவுக்கு அணித்தே இருந்த வொய்க்கா காகித ஆலையை அந்நிறுவனம் மூடியது. 1897 இல் தோன்றிய அவ்வாலை, கியூமி உருவானபோது ஒன்றுசேர்ந்த மூன்று ஆலைகளுள் ஒன்று. வெர்லா முயலாக இருந்தபோது யானையாக இருந்தது அது. காலத்துக்கு ஏற்பப் பலமுறை புதுப்பிக்கப்பட்டது, வேகமாக ஓடிற்று, உலகச் சந்தையில் காகித விலை இறங்கியதும் நின்றது. நூற்றுக்கணக்கானோர் வேலை இழந்தனர். வெர்லாவின் தொழிலாளர் முதுமை எய்தும் வரை காத்திருந்தது போல அங்கே எவரும் காத்திருக்கவில்லை.

இப்பொழுது கோடைதோறும் கோவொலாப் பகுதிக்கு வருவோர் வெர்லாவுக்குச் சென்று பழைய ஆலையைப் பார்க்கின்றனர். அவர்களுள் சிலர் வொய்க்காவில் வேலை செய்தவரின் பிள்ளைகளாகவும் இருக்கலாம். வழிகாட்டி தராசின் அருகே வந்து நின்று, கீழே பாருங்கள் என்று அவர்களுக்கும் சொல்கிறார்.